முன் சக்கரத்து நட்டு

"இறக்குங்க அதை. முதல்ல இறக்குங்க."

லாரியின் பின்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். மருந்துக் கடையிலிருந்து நாலு தெரு ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வேலைக்குப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

லாரி மேல் நின்றவன் ஒரு சின்ன சைக்கிளைப் பின் சக்கரத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான். காயலான் கடை ஆள். அவளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டாக்டரம்மா, இது செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். இனிமே ஊசி போட்டாலும் எழுந்திருக்காது."

கீழே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் டாக்டர் இல்ல. அது எங்க வீட்டு சைக்கிள்."

"காலையிலேருந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இப்பதான் ஒருத்தர் வந்து, காத்தடிக்கிற பம்பு எங்க தாத்தாவோடதுன்னு தூக்கிட்டுப் போனார். இப்படியே விட்டா நான் வெறும் லாரியத்தான் ஓட்டிட்டுப் போகணும்."

கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"குடுத்துடுப்பா. அது எடைக்குச் சேராது."

சைக்கிள் இறங்கியது. முன் சக்கரம் கோணிக்கொண்டு எட்டு வடிவத்தில் இருந்தது. அவள் அதை அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள்.

இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். சைக்கிள் கடையை இடிக்கப் போகிறார்களாம், மதியத்துக்குள் எல்லாம் பழைய இரும்புக்குப் போகிறதாம் என்று. அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கவுண்டரைத் தாண்டியிருந்தாள்.

முப்பத்தோரு வருஷமாக அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதற்குப் பதில் அந்த முன் சக்கரத்துக்கு மேலே, விரல் நுனி அளவு இடத்தில் இருந்தது.

அண்ணனைக் கொன்றது அவளா, இல்லையா.

கடை காலியாகிக் கிடந்தது. சுவரில் டயர் மாட்டியிருந்த இடங்களில் மட்டும் கறுப்பு வட்டங்கள். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி குப்புறக் கவிழ்ந்திருந்தது. ஒரு காலத்தில் இந்தத் தெருவில் சைக்கிள் வைத்திருந்த எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ட்யூபை அமுக்கும்போது எங்கே குமிழி வரும் என்று யார் முதலில் கண்டுபிடிப்பது என்பதில் அடிதடியே நடக்கும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை மூக்கைத் துளைக்கும்.

அண்ணனுக்கு முதல் சைக்கிள் வந்ததும் இங்கிருந்துதான். பச்சை நிறம். கம்பியில் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை அவன் ஐந்து மாதம் பிரிக்கவில்லை. பெயின்ட் கெட்டுவிடுமாம். தங்கையை ஏற விடவும் இல்லை. "உனக்குக் கால் எட்டாது, போடி" என்பான். பூட்டிய சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சும்மா மணியடிப்பான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு ஒன்பது.

"உட்காரும்மா" என்றார் கடைக்காரர். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவரைப் பிள்ளைகள் எல்லாரும் பாலிஷ் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் ஒரு பழக்கம். பிரேக் வேலை பார்த்தால், நட்டை முறுக்கிய கையோடு அதன் விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் யாராவது அந்த நட்டை மயிரிழை திருப்பினாலும் பாலிஷ் வெடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். நான் மாட்டினது தானா கழண்டுச்சா, நீங்க கைய வெச்சீங்களா, இது சொல்லும் என்பார். ஊரில் உள்ள நட்டுக்கெல்லாம் நகப்பூச்சு பூசறார், என் நகத்தைத்தான் பாக்க மாட்டேங்கறார் என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார்.

"மாமா, கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்கா? ஒரு துணியும்."

"என்ன தேடறே?"

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு பாட்டிலையும் கந்தல் பனியனையும் கொண்டுவந்து வைத்தார்.

துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு விரற்கடை கனத்துக்கு மண்டியிருந்தது. துடைக்கத் துடைக்கக் கறுப்பாக வழிந்தது. துடைத்துக்கொண்டே பேசினாள். இதுவரை யாரிடமும் பேசாததை.

"அன்னைக்குக் காலைல ஒரு ரவுண்டு குடுன்னு கேட்டேன். தரல. அப்பா பெட்டியிலேருந்து ஸ்பேனரை எடுத்தேன். மட்கார்டு நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணிவிட்டா கடகடன்னு சத்தம் வருமில்ல, பசங்க கேலி பண்ணுவாங்கன்னு. அவ்வளவுதான் மாமா. அதுக்குத்தான்."

அவள் துணியை மறுபடி மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டாள்.

"முன் சக்கரத்துக்கு மேல ரெண்டு நட்டு பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு மட்கார்டு, ஒண்ணு பிரேக்கு. அவசரத்துல ஒண்ணைத் திருப்பிட்டு ஓடிட்டேன். எதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அரை மணி நேரத்துல பாலத்து இறக்கத்துல..."

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையில்லை. இறக்கத்தில் சைக்கிள் நிற்காமல் போனதும், கீழே எதிரில் வந்த லாரியும் தெருவுக்கே தெரியும். பின் பிரேக் கழன்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் முன் பிரேக்கை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த முன் பிரேக்கையும் முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பா இங்கே கொண்டுவந்து சரிபார்த்து வாங்கிப் போயிருந்தார். போலீஸ் விட்டதும் சைக்கிள் இந்தக் கடைக்கே வந்தது. கூரைக் கொக்கியில் தொங்கியது. அவள் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நடந்து பழகிவிட்டாள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை.

வந்து பார்த்திருக்கலாம். ஒரே ஒரு நிமிஷ வேலை. ஆனால் பார்த்து, அது பிரேக் நட்டாக இருந்துவிட்டால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அதைவிடத் தெரியாமலே இருந்துவிடலாம் என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். அம்மாவாவது வாய்விட்டு அழுதாள். அப்பா பேச்சையே பாதியாகக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார், அவளும் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். ஸ்பேனர் இடம் மாறியிருந்ததை அவர் கவனித்திருப்பார், எல்லாம் தெரிந்துதான் இப்படி இருக்கிறார் என்று அவள் உள்ளுக்குள் முடிவே கட்டியிருந்தாள்.

போன மாதம் அப்பா போய்விட்டார். இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொண்டால் மட்டும் போதும்.

துணிக்கு அடியில் ஏதோ வழவழவென்று நெருடியது.

குனிந்தாள். பிரேக் நட்டின் விளிம்பில் சிவப்பாக ஒரு சொட்டு. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. வைத்தது வைத்தபடி.

"மாமா..."

அவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நான் வெச்சதுதான். யாரும் தொடல. நீ திருப்பினது மட்கார்டு நட்டைத்தான்மா."

அவள் தரையில் நன்றாக உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வெளியே லாரிக்காரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் முதல் தடவையாக முதுகு நிமிர்ந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

பிறகு அவள் கண் அந்த நட்டிலிருந்து மேலே ஏறியது.

"பிரேக் ஒயர் அறுந்திருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முந்தின நாள்தானே நீங்க புது ஒயர் மாட்டினீங்க? ஒரே நாள்ல எப்படி மாமா அறும்?"

"புது ஒயர் மாட்டல."

கவிழ்ந்திருந்த தொட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார் அவர். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையடிச்சுக் குடுத்திருக்கேன். ஆனா கை வாங்கினவர் போயிட்டார். நீ இப்படி வந்து உட்கார்ந்திருக்கே. இனிமே யாருக்காக வாயை மூடிக்கறது?"

"யாருக்குக் கையடிச்சுக் குடுத்தீங்க?"

"உங்கப்பாவுக்கு."

அவள் சைக்கிளின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே ஒயர்ல பாதி இழை பிரிஞ்சுபோயிருந்துச்சு. கடையில அந்த அளவு இல்ல. திங்கட்கிழமை வரும், விட்டுட்டுப் போங்கன்னேன். உங்கண்ணன் வாசல்ல நின்னுகிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுகிட்டான், ஞாயித்துக்கிழமை சைக்கிள் இல்லாம எப்படின்னு. உங்கப்பாவுக்கு மனசு கேக்கல. 'ஒரு நாள்தானே, பழசையே முறுக்கிக் கட்டிக் குடுங்க, திங்கட்கிழமை நானே கொண்டாரேன்'னார். வேணாம்னு சொல்ல வேண்டியவன் நான். கட்டிக் குடுத்தேன். பாலிஷ் வேற வெச்சேன்."

வெளியே லாரியில் இரும்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மாசா மாசம் வருவார்மா. நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க. பின்பக்கமா வருவார். வண்டியை இறக்கச் சொல்லி, பின் சக்கரத்துக்குக் காத்தடிச்சுட்டு, திரும்ப மாட்டச் சொல்லிட்டுப் போயிடுவார். போன வருஷம் வரைக்கும் வந்தார். நானும் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டார். ரெண்டு திருடனுங்க மாதிரி."

"எங்கப்பாவா?"

"ஆமா."

அவள் கையில் இருந்த கந்தல் பனியனை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அப்பா வீட்டுக்கு வந்ததும் நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவுகிற சில சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

"ஸ்பேனரைப் பத்தி ஏதாவது கேட்டாரா? நான் எடுத்ததைப் பத்தி?"

"எந்த ஸ்பேனர்? அதெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாதும்மா."

"அப்ப என்னைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லையா?"

கடைக்காரர் அவளைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை சொன்னார். பம்பைக் கீழ வெச்சுட்டு நின்னார். 'பொண்ணுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு பாலிஷு. அன்னைக்கிலேருந்து அவ என் முகத்தைப் பாத்துப் பேசினதே இல்ல'ன்னார்."