கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்

...வீட்டில் நல்ல கட்டில் இருக்க, நிலத்தில் படுப்பதற்கென்று இத்தனை தூரம் மலை ஏறி வருகிற சனத்தை நான் இந்த நாட்டில்தான் கண்டேன், அங்கே பார், முன் கூடாரத்துக் கிழவரும் கிழவியும் மடக்குக் கதிரை போட்டு, மேசைக்குத் துணி விரித்து, அதில் பூச்சாடி வேறு, யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி. எனக்குக் கூடாரம் என்றாலே முதுகு கூசும், அது லவினியாவுக்குத் தெரியும், பெற்ற மகளுக்குத் தெரியாதா, தெரிந்துதான் மியூனிக்கிலிருந்து ரயிலேற்றிக் கூட்டி வந்திருக்கிறாள், ஒருதரம் வந்து பார்த்தால் அவள் அங்கே எப்படி இருப்பாள் என்று எனக்கு விளங்குமாம். அங்கே என்றால் சிலி. மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் தொலைநோக்கி வேலை செய்கிற பிள்ளை அதைக் கார்ஹிங்கிலேயே செய்யலாம்தானே, வானம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே, இல்லையாம், பாலைவனத்தில்தான் தெளிவாகத் தெரியுமாம். அந்தோபகாஸ்தா என்று ஒரு நகரம், சொல்லும்போதே வாய் சுளுக்குகிறது, சுற்றிவரப் பாலைவனம், அதற்குமேல் மலை, மலையில் வேலை, லீவு கிடைத்தால் அந்த மலையிலேயே கூடாரம் அடித்துப் படுப்பார்களாம், இப்படி மூன்று வருடத்துக்கு. திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும், "நீங்கள் ஓம் எண்டால்தான் போவன்" என்று பாரத்தை என் தலையில் தூக்கி வைத்துவிட்டு இப்போது சட்டி கழுவப் போயிருக்கிறாள். என் மனுசன் பீலிக்ஸ் இருந்திருந்தால் அவர் தலையில் வைத்திருப்பாள், அவரும் சிரித்துக்கொண்டே ஓம் சொல்லிவிட்டுப் படுக்கையில் புரண்டுகொண்டு கிடந்திருப்பார், கெட்டிக்கார மனிதர், முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருக்கிற இருவரில் ஒருத்தி வானம் பார்க்கப் போனால் அந்த வீட்டில் நான் யாருக்குச் சமைக்கிறது...

மேகம். காலையில் வெள்ளையாகத்தானே இருந்தது, இப்போது மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது, கிழவி பூச்சாடியை மட்டும் உள்ளே எடுத்து வைக்கிறாள், மற்றவர்கள் அசையவே இல்லை, ஒரு கூடாரத்தைச் சுற்றிக்கூட வாய்க்கால் இல்லையே, ஏன் வெட்டவில்லை? கூடாரம் அடித்தால் முதல் வேலை அதுதானே, அடுப்பு மூட்டுவதெல்லாம் பிறகு. ஆவணித் திருவிழாவுக்கு மன்னாரிலிருந்து போய் மடு மாதா கோயில் காட்டில் கூடாரம் அடித்தது மாதாவுக்காக, அது வெயில் காலம், பாட்டும் செபமும் கச்சான் கடலையுமாகப் போனது, பிறகு சண்டைக்குள் ஓடிப்போய் அதே மடுவில் மாரி முழுக்கக் கிடந்தது உயிருக்காக. முதல் மழைக்கு எங்களுக்கு வாய்க்கால் தெரியாது, தண்ணீர் பாய்க்குக் கீழே வந்தது, தம்பி எமிலுக்குக் காய்ச்சல் வந்தது, அந்தக் காய்ச்சலோடேயே அவன் போய்விட்டான், பிறகுதான் வெட்டினோம், நன்றாக ஆழமாக வெட்டினோம், அவன் போன பிறகு யாருக்காக வெட்டினோம்... இதை ஏன் இப்போது நினைக்கிறேன், என் கை எப்போது சோற்றுக் கரண்டியை எடுத்தது, எடுத்துவிட்டது, புல்லைக் கிளப்பி, மேட்டுப் பக்கம் முதலில், தண்ணீர் அங்கிருந்துதான் வரும், மண் கறுப்பாகக் கேக் துண்டு போல வருகிறது, கத்தரி வைத்தால் காய்த்துக் கொட்டுகிற மண், இதில் போய்ப் படுத்துக் கிடக்கிறார்கள்.

முதலில் வந்தது ஒரு நாயின் மூக்கு. பிறகு அதன் கயிறு, கயிற்றைப் பிடித்திருந்த பெண், இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மெல்லத்தான் சொன்னாள், இங்கே நிலத்தைத் தோண்டக் கூடாது, வாசலிலேயே எழுதியிருக்கிறதே என்று. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இத்தனை வருடம் பேசிய ஜெர்மன் எல்லாம் எங்கே ஓடி ஒளித்ததோ தெரியாது, கரண்டியால் வானத்தைக் காட்டி மழை, மழை என்று மட்டும் சொன்னேன், சின்னப் பிள்ளை மாதிரி. லவினியா கழுவின சட்டியோடு ஓடி வந்தாள். அவள் மன்னிப்புக் கேட்ட வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, என் அம்மா, என் அம்மா என்று வந்தது, அது வெட்கமா, பரிவா, நிமிர்ந்து முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்தப் பெண் போன பிறகு இருவருமாக மண்ணைத் தள்ளிப் புல்லைத் திரும்ப வைத்து உள்ளங்கையால் அமத்தினோம், ஏன் வெட்டினீர்கள் என்று அவள் கேட்கவில்லை, எமிலைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னதும் இல்லை. மேட்டுப் பக்கம் முடிகிற நேரம் முதல் துளி விழுந்தது.

உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம், மேலே அரிசி கொட்டுகிற சத்தம், என் கை தானாகப் போய் மூலையைத் தடவுகிறது, காய்ந்துதான் இருக்கிறது, மற்ற மூலை, அதுவும்... "அடியும் சேத்துத் தைச்சிருக்கு அம்மா, தண்ணி வராது" என்கிறாள். தைத்திருக்கிறார்களாம். அன்றைக்கு ஒருவரும் தைக்கவில்லையே. சரி, இது இங்கே, அங்கே எப்படியோ? ஏலாது என்று இப்போதே சொல்லிவிட வேண்டும், தனிய இருக்க எனக்குப் பயம், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் மழையைச் சொல்லலாம், வெள்ளம் வரும், மலை சரியும், நனைந்து காய்ச்சல் பிடித்தால் யார் பார்ப்பது, எத்தனை காரணம் இருக்கிறது.

"அங்க மழை பெய்தால் என்ன செய்வாய்?"

"அங்க மழை பெய்யாதம்மா. வருசக்கணக்கா ஒரு துளி விழாத இடமும் இருக்கு."

பெய்யவே பெய்யாதா? அப்படியும் கடவுள் ஒரு ஊரைப் படைத்து வைத்திருக்கிறாரா, தண்ணீர் வராத ஊர், பாய் நனையாத ஊர், அங்கே போகிற பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறது, எனக்குத் தெரிந்தது இந்த வாய்க்கால் ஒன்றுதான், அதற்கும் அங்கே வேலை இல்லை, பிறகு எதைச் சொல்லி மறிக்கிறது... குளிர்காலம் முழுக்க மியூனிக் வீட்டு ஹீற்றரில் அவளுடைய காலுறை, உள்சட்டை, துவாய், ஒன்றும் காயாமல் ஒரு வாடை...

"அப்ப உடுப்புக் கெதியாக் காயும்" என்றேன்.

லவினியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்து, நகத்துக்குள் இருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு விரலாக, அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மழைக்குள்ளும் கேட்கிறது, எதற்கு இப்போது அழுகிறாள், நான் ஓம் என்று சொல்லவில்லையே, உடுப்புக் காயும் என்றுதானே சொன்னேன்...