பெரியதலைக் காசின் நீலம்

நவம்பர் 8, வெள்ளி. செவ்வாயன்று பெங் அத்தையின் வெள்ளிக்காசைப் போலி என்று சொன்னேன். அது தவறு என்று இன்று வகுப்பில் தெரிந்தது. சின்னத் தவறு.

எழுதி முடித்ததும் யான்ஷூ 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். சீனாவின் சாங்ஷா நகரப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, குறிப்பேட்டின் முந்தைய பக்கத்தைப் பத்தாவது முறையாகப் பார்த்தாள்.

பழைய நாணயங்கள் பற்றிய மாலைநேர வகுப்பில் தந்த தாளின்படி ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருந்தாள். எடை 26.61 கிராம், சரி. விட்டம், சரி. விளிம்பில் ஊதிக் காதருகே வைத்தால் நீளமாக ரீங்கரித்தது, அதுவும் சரி. முன்பக்கத்தில் அன்றைய அதிபரின் பெரிய தலை, சீனக் குடியரசின் மூன்றாம் ஆண்டு. தோள்பட்டைக்கு நேர் கீழே, காசின் ஓரத்துப் பல்வரிசையில் இரண்டு பற்கள் மழுங்கியிருந்தன. ஆனால் முகம் முழுக்க மயில் கழுத்து நிறத்தில் நீலம். 'நீலமும் ஊதாவும் படிந்திருந்தால், பழசாகக் காட்ட ரசாயனத்தில் தோய்த்த போலி' என்றது தாள். அவள் சிவப்பு மையில் 'போலி' என்று எழுதிவிட்டாள்.

இன்று வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்த காங் அண்ணன், பேருந்து ஓட்டுநர், தன் காசை மேசையில் வைத்தார். அதே நீலம்.

"இதையும் போலின்னு எழுதுவியா?" என்று சிரித்தார். "ஏம்மா, காய்ச்சல் வந்தா உன் நெத்தியில யாரும் முட்டை உருட்டினதில்லையா? வெந்த முட்டைக்குள்ள வெள்ளிக்காசை வச்சு, துணியில கட்டி உருட்டுவாங்க. காசு நீலமாயிடும். எங்க தெருவுல இதெல்லாம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்!"

யான்ஷூ வடக்கே மாவு ரொட்டி தின்று வளர்ந்தவள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரைதான்.

அவள் குடியிருந்தது பெங் அத்தையின் அரிசி நூடுல்ஸ் கடைக்கு மேல் அறையில். படியேறாமல் நேரே கடைக்குள் போனாள்.

"அத்தை, அந்தக் காசு எங்க?"

"நேத்தே பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிட்டேன். பொய்க்காசைப் பொண்ணோட பெட்டிக்குள்ள அடியில வைக்கவா? சம்பந்தி வீட்ல காறித் துப்புவாங்க."

ஞாயிறு நண்பகல் மகள் ஷுவாங்கின் கல்யாணப் பெட்டி மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும். அதில் அடுக்கிய மெத்தைகளுக்கு அடியில் தாய் வைக்கும் வெள்ளி இருக்க வேண்டும். பெங் அத்தையின் கல்யாணப் பெட்டியில் அவளுடைய தாய் வைத்த காசு அது.

"அது அசல், அத்தை. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அத்தை கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டாள்.  

சனிக்கிழமை விடிந்ததும் அவள் சட்டைப்பைத் தராசோடு சந்தைக்கு ஓடினாள். பழைய சாமான்காரன் டெங் நீலத் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். துணியில் இருபதுக்கு மேல் பெரியதலைக் காசுகள். எல்லாமே பளீரென வெள்ளை. நீலத்தில் ஒன்றுகூட இல்லை.

"வியாழக்கிழமை நூடுல்ஸ் கடையில ஒரு நீலக்காசு வாங்கினீங்களே?"

"பற்பசை போட்டுத் தேய்ச்சிட்டேன் தங்கச்சி. அழுக்கா இருந்தா யார் தொடுவா?"

"எதுன்னு சொல்லுங்க."

"எது அசல், எது போலின்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். உன் கண்ணு, உன் பாடு."

அவள் கையை நீட்டினாள். டெங் மறுத்துத் தலையாட்டினான். "சந்தையில கைக்குக் கை கிடையாது, விழுந்தா யார் பொறுப்பு? துணியில வைப்பேன், நீயா எடுத்துக்க."

ஒவ்வொன்றாக எடுத்தாள், நிறுத்தாள், ஊதினாள். பாதிக்கு மேல் ஊமை. "சந்தை முடியறதுக்குள்ள முடிப்பியா, இல்ல சோறு வாங்கிட்டு வரவா?" என்று டெங் கேலி செய்தான். பதினேழாவது 26.61 காட்டியது. தோளுக்குக் கீழே இரண்டு பற்கள் மழுங்கல். குறிப்பேட்டைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள், மறுபடி நிறுத்தாள். ஒருமுறை தவறியவள் இன்னொரு முறை தவற மாட்டாள் என்பதற்கு என்ன உறுதி? கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடையில், சந்தை வழக்கப்படியே, காசை மேசைமேல் வைத்தாள். அத்தை அதைத் தொடவில்லை.

"எங்கம்மாவோடது நீலம். இது யாரோடதோ."

யான்ஷூ எடையைப் படித்தாள், பற்களைக் காட்டினாள். அத்தை கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நம்பரை எங்கிட்ட படிக்காதே. அன்னைக்கும் இப்படித்தான் படிச்ச."

யான்ஷூ குறிப்பேட்டை மூடினாள். காசு மேசையில் கிடந்தது. கல்யாணத்துக்கு நகப்பூச்சு இட்ட கையோடு ஷுவாங் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு அம்மை போட்டப்ப இதை நெத்தியில உருட்டினியே, அப்புறம்தானே இவ்வளவு நீலமாச்சு? மறுபடி உருட்டு, ஆயிடும்."

"இப்ப யாருக்குடி காய்ச்சல்?"

"எனக்கு," என்றாள் யான்ஷூ. "நேத்திலேர்ந்து."

அத்தை அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "பொய். சில்லுன்னு இருக்கு." கையை உடனே எடுக்கவில்லை. பிறகு குனிந்து மேசையிலிருந்த காசை எடுத்து இடுப்புத்துணியில் முடிந்துகொண்டாள். "காலையில ஏழு மணிக்கு வா. முட்டை நீதான் வாங்கணும்."

அன்றைய பக்கத்தின் அடியில் யான்ஷூ எழுதினாள்: நாளை ஏழு மணிக்குள் நான்கு முட்டைகள். தராசு வேண்டாம்.