புதன்கிழமைக்கு முன் ஒரு குகை

முதலில் வெளிச்சம் வந்தது. பிறகுதான் பள்ளம் தெரிந்தது.

சிவப்புப் பாறைகளின் உச்சியில் கொஞ்சம் மஞ்சள். அது மெல்ல இறங்கியது. பாறை பாறையாக, அடுக்கு அடுக்காக. வெகு கீழே ஆறு இன்னும் இருட்டுக்குள் படுத்திருந்தது.

கார்த்திகை மாதம். வழியெல்லாம் தூறி, விடியும்போது விட்டிருந்தது. பாறை ஈரம். புல் ஈரம். ஆந்திராவில், கண்டிக்கோட்டைப் பள்ளத்தின் விளிம்பில் நாங்கள் பதினான்கு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

என் வீட்டுக்காரர் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"ரோடு எங்க?"

ரோடு இல்லை. பெண்ணாறு மட்டும்தான். அது மலையை அறுத்துக்கொண்டு போன வழியைப் பார்க்கத்தான் வாலாஜாவிலிருந்து வேன் ஏறி வந்திருந்தோம். ஒரு நாள் சுற்றுலா, வழிகாட்டியோடு, மதியச் சாப்பாடு உட்பட.

அவர் பெயர் ஏகாம்பரம். என் பெயர் பூங்காவனம். இன்று ஞாயிறு. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

புதன்கிழமை அவர் ஸ்கேன் எடுக்க வேண்டும். தலைக்கு. குழாய் மாதிரி ஒரு இயந்திரம், அதற்குள் படுக்க வைத்துத் தள்ளிவிடுவார்கள். அரைமணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவரால் முடியவில்லை.

முதல் தடவை படுத்த வேகத்தில் எழுந்து செருப்பைத் தேடினார். இரண்டாம் தடவை பாதி உள்ளே போனதும், கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, எல்லோரையும் ஓடிவர வைத்தார். மயக்க ஊசி போடலாம் என்றார்கள். அவருடைய இருதயத்துக்கு அது ஆகாது என்று இன்னொரு டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆவணியில் ஆரம்பித்த தலைவலி. இடது பக்கம். பிறகு ஒரு நாள் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. மறுநாளும் நழுவியது. மூன்றாம் நாள் நான் டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"படம் பாக்காம நான் எதையும் சொல்ல முடியாதும்மா. தள்ளிப் போடாதீங்க." டாக்டர் இதை அவரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

அதனால்தான் நான் இந்தத் திருட்டுத்தனம் செய்தேன். கோட்டை இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஆறு இருக்கிறது என்று சொல்லி அவரைக் கிளப்பினேன். சுற்றுலா நோட்டீஸின் அடியில் இன்னொரு வரி இருந்தது. அந்த இடத்தை மடித்துத்தான் அவரிடம் காட்டினேன்.

மதியத்துக்கு மேல் பேலம் குகை. அதுதான் அந்த வரி.

*

வெயில் ஏறியது. பள்ளம் முழுக்க வெளிச்சம் நிறைந்தது. ஆறு பச்சையாக இருந்தது. இவ்வளவு அழகைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகக்கூட இருந்தது, இதைப் பார்த்த சந்தோஷத்தோடு ஊருக்குப் போய் என்ன கேட்கப் போகிறோமோ என்று.

எங்கள் வழிகாட்டி ஓபுலேசு. முப்பது முப்பத்தைந்து வயது, இந்தப் பக்கத்து ஆள். கோயம்பேடு மார்க்கெட்டில் ஆறு வருஷம் மூட்டை தூக்கியவர். தமிழும் அங்கே கற்றதுதான். மரியாதையும் வசவும் ஒரே வேகத்தில் வரும்.

"தண்ணி வந்துச்சு. யாரையும் வழி கேக்கல. கெடச்ச எடத்துல போச்சு. அவ்ளோதான் சார் இந்த மலையோட கத." இதைச் சொல்லிவிட்டு, எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை ஓரமாக உட்கார்ந்து கடலை தின்றார்.

ஏகாம்பரம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் டீசல் விலை பேசினார்கள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் சிரித்தார். கார்த்திகை வெயில் அவர் நரைத்த தலையில் விழுந்தது. அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் எத்தனை நாள் இருப்பேன்?

மூன்று நாள். அதற்கு மேல் என்னால் ஆகாது.

*

குகை என்றால் மலையில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மலையே இல்லை. சமதரையில் ஒரு பெரிய குழி. அதற்குள் இறங்கப் படிகள். மேலே காய்ந்த காடு, கொஞ்சம் மேகம்.

ஏகாம்பரம் குழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் கூட்டினு வந்தியா?"

"ஆமா."

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தேன், இதற்குள் போய் வந்தால் அதற்குள்ளும் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். இதையெல்லாம் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்த மனிதருக்கு அது தானாகவே புரிந்தது. முகம் சிவந்துபோனது.

விறுவிறுவென்று படியில் இறங்கினார். கோபத்தில் இறங்கினாரா, எனக்காக இறங்கினாரா, தெரியவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே சூடு. வெளியே கார்த்திகை, உள்ளே சித்திரை. மஞ்சள் விளக்குகள். தண்ணீர் வழவழப்பாகத் தேய்த்துவிட்டுப் போன சுவர்கள். வெளியே ஆறு திறந்த வெளியில் செய்ததை, இங்கே தண்ணீர் மூடிய இடத்தில் செய்திருக்கிறது.

முதல் கூடம் அகலம். தலைக்கு மேல் நிறைய இடம். அவர் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "நாலு பஸ் நிறுத்தலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த கூடத்தில் இரண்டு பஸ். அதற்கடுத்து ஒரு வேன். பிறகு ஒரு ஆட்டோ. பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

கடைசியாக அந்த இடுக்கு வந்தது. அதைத் தாண்டினால் நிலத்துக்கடியில் ஓடுகிற ஓடை ஒன்று இருக்கிறது என்றார் ஓபுலேசு. ஒரு ஆள் அகலம். தோள் இரண்டு பக்கமும் உரசும். நடுவில் கொஞ்சம் குனிய வேண்டும். ஒவ்வொருவராக நுழைந்தார்கள், சிரித்துக்கொண்டு, கத்திக்கொண்டு.

ஏகாம்பரம் நின்றுவிட்டார்.

சட்டை முழுக்க வேர்வை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்கேன் அறையிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்த அன்று இதே முகம்தான் இருந்தது.

"சார், முடியலன்னா இங்கயே குந்துங்க. திரும்பறப்ப கூட்டிக்கறேன்" என்றார் ஓபுலேசு. "வெக்கம் வேணாம். போன வாரம் ஒரு போலீஸ்காரு இதே கல்லுல குந்தினாரு." சொல்லிவிட்டு மற்றவர்களோடு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேர். ஒரு மஞ்சள் விளக்கு. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

எனக்கு அழுகை வந்தது. என்ன வேலை செய்துவிட்டேன். நோயாளியை ஏமாற்றி இழுத்துவந்து, இன்னொரு தடவை தோற்க வைத்திருக்கிறேன். "வாங்க, மேல போயிடலாம்" என்றேன். "எனக்குப் புத்தியில்ல. வாங்க."

அவர் நகரவில்லை. இடுக்கையே பார்த்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி. அவர் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. சந்தில் வண்டி நுழையுமா என்று பார்க்கிற பார்வை அது.

"நீ மொதல்ல போ."

"நீங்க?"

"போன்னா போ. போய் உள்ள நில்லு."

போனேன். ஆறேழு அடி போய்த் திரும்பினேன். அவர் முகத்தைக் காணோம். முதுகுதான் தெரிந்தது. திரும்பி நின்றுகொண்டிருந்தார், வெளிச்சத்தைப் பார்த்து.

"ரிவர்ஸ்ல வர்றேன். சத்தம் குடு."

எனக்குப் புரிந்தது. முன்னால் பார்த்து வந்தால் சுவர் நெருங்கி வரும். பின்னால் நகர்ந்தால் கண்ணெதிரே இருப்பது வெளிச்சம்தான். அது கொஞ்சம் தூரமாகும், அவ்வளவுதான். பின்பக்கம் தெரியாது. அதற்குத்தான் ஆள்.

"வாங்க" என்றேன். "வாங்க, வாங்க. கொஞ்சம் இந்தப் பக்கமா வாங்க."

"எந்தப் பக்கம்? கண்டக்டர் மாதிரி சொல்லுடி! மரியாத குடுத்துனே இருந்தா வண்டி சுவத்துல போய் இடிக்கும்."

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் நான் அவரை 'வா' என்று கூப்பிட்டதில்லை. சண்டையில்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வா."

"சத்தமா!"

"வா... வா... வா... லெப்ட்ல ஒடி... வா... தலையக் குனி, குனி... வா..."

ஒரு அடி. இன்னொரு அடி. முதுகு நெருங்கி வந்தது. இரண்டு கையும் சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நானும் நின்றேன். கொஞ்சம் பொறுத்து, "வரலாம்" என்றேன் மெதுவாக. வந்தார்.

இடுக்கு முடிந்தது. "ஹோல்டான்!" என்று, கண்டக்டர் வண்டியை நிறுத்துகிற மாதிரி கத்தினேன்.

ஓடைப் பக்கம் நின்ற பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓபுலேசு கைதட்டினார். ஏகாம்பரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நுழைந்து வந்த வழியை ஒரு முறை பார்த்தார்.

"அரை பஸ் நீளம்கூட இல்ல" என்றார்.

*

ஓடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். விளக்கு வெளிச்சம் தண்ணீரில் ஆடியது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, தெரியவில்லை. ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த மெஷின்லயும் தலைதான் மொதல்ல போவுது. கண்ணு கால் பக்கம் பாத்துனு கெடக்குது. அதுவும் ரிவர்ஸ்தான்." என் பக்கம் திரும்பினார். "பின்னாடி ஆள் இல்லாம எவனாச்சும் ரிவர்ஸ் எடுப்பானா? புதன்கிழம நீ உள்ள வந்து நிக்கிறியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூட ஒருவர் உள்ளே நிற்கலாம் என்று அங்கே இரண்டு தடவையும் சொன்னார்கள். உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. வளையலைக் கழற்றினேன். தோட்டைக் கழற்றினேன். மூக்குத்தியைக்கூடக் கழற்றினேன். ஸ்கேன் அறையில் வேலை செய்கிற பெண் என் கழுத்தைக் காட்டினாள். அது மட்டும் முடியாது என்றேன்.

அவர் உயிரோடு இருக்கும்போது தாலியை எப்படிக் கழற்றுவேன்? அதுவும் இந்த நேரத்தில்? கழற்றினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். தாலியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவரைத் தனியாக உள்ளே அனுப்பினேன்.

பிறகு ஊரெல்லாம் சொன்னேன், மனுஷனுக்கு ஒரே பயம் என்று. என் தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் பக்கத்திலேயே இருந்தார். 'இவ பயத்தைக் கேளு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. குகைக்குள் நன்றாக அழுதேன்.

"நிக்கிறேன்" என்றேன்.

*

மேலே வந்தபோது மழை பிடித்திருந்தது. வெயிலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து முகத்தில் அடித்தது. திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரில் டீ குடிக்க வேன் நின்றது. ஓபுலேசு இறங்கவேண்டிய ஊரும் அதுதான்.

எதிரே ஒரு மளிகைக் கடை. நான் கேட்டதை ஓபுலேசு தெலுங்கில் சொன்னார். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. நல்லதாக ஒரு மஞ்சள் கிழங்கைப் பொறுக்கி எடுத்தாள். நூலை அளந்து வெட்டி, மஞ்சளில் தோய்த்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காகிதத்தில் மெல்ல மஞ்சள் ஊறியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் கையை மட்டும் என் கைமேல் வைத்தார்.

*

புதன்கிழமை. காலை ஒன்பதரை. ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நீளமான வராந்தா.

வளையல். தோடு. மூக்குத்தி. கடைசியாகத் தங்கத் தாலியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அவர் மஞ்சள் கிழங்கு கட்டிய நூலை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

வலது கையிலிருந்து நூல் நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. வராந்தாவில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை, உதவவில்லை. மூன்று முடிச்சும் அவரே போட்டார்.

கதவு திறந்தது. "ஏகாம்பரம் யாருங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் முதலில் உள்ளே போனேன்.