வெள்ளெருக்கடியும் ஓர் அபெனாக்கிக் கிராமமும்

புலம்பெயர்ந்து வந்து மனோர் பார்க்கில் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கம் நடத்தும் அருட்பிரகாசத்துக்குத் தலைவர் பதவி என்றால் உயிர். கழுத்தில் மாலை விழாத கிழமை மனிசனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுத, கோலியர்ஸ் வுட்டில் சரித்திரம் படிப்பிக்கும் இம்மாகுலேற்றை அவரேதான் தேடிப் பிடித்தார். ரீச்சர் என்றதும் மயங்கி, ஆரின் பிள்ளை என்று விசாரிக்க மறந்துபோனார். யாழ்ப்பாணத்தாருக்கு இலேசில் வராத பிழை அது.

அவள் எழுதிக் கொடுத்ததில் வெள்ளெருக்கடிப் பந்தியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார். வெள்ளெருக்கடி, குளக்கரையில் கள்ளுச் சீவுகிறவர்கள் இருந்த குடியிருப்பு. இம்மாகுலேற்றின் அப்பா பிறந்த இடம். ஊர்ப் பெரியவர்கள் குடிசைகளைக் கொளுத்திச் சனத்தைத் துரத்திவிட்டு அங்கே வாசிகசாலை கட்டினார்கள். மலரில் அது 'வெற்றுக் காணி'யாம். வெள்ளெருக்கடி என்ற பெயர் ஒரு வரியிலாவது அச்சேற வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

"பழசைக் கிளறி என்ன காணப் போறம், ரீச்சர்? மலர் வெளியீட்டு விழாவில உலக சரித்திரம் ஏதும் பேசுங்கோவன்," என்றார் அருட்பிரகாசம்.

உலக சரித்திரமே பேசினாள். வட அமெரிக்காவில் ஆற்றங்கரையில் சோளம் விளைவித்து வாழ்ந்த அபெனாக்கி என்ற பூர்வகுடிச் சனத்தின் கிராமம். ஆங்கிலேயப் படை வந்து கொளுத்தியது. தப்பியவர்கள் வடக்கே போனார்கள். பிறகு குடியேறிகள் அதே மண்ணில் பட்டணம் கட்டி, வெறுங் காட்டை ஊராக்கினோம் என்று கல்லில் பொறித்தார்கள்.

மண்டபமே உச்சுக் கொட்டியது. பட்டுச்சேலைக்காரிகள் கண்ணைத் துடைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்துச் சனமென்றால் இவர்கள் இரக்கத்தை வாளி வாளியாக ஊற்றுவார்கள். அருட்பிரகாசம் மைக்கைப் பிடித்தார்.

"கொளுத்தினவனை விட, அங்க ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எழுதினவன்தான் பெரிய அயோக்கியன்."

கைதட்டு ஓயும்வரை இம்மாகுலேற் பொறுத்திருந்தாள்.

"ஓம் தலைவர். என்ர அப்பா வெள்ளெருக்கடியில பிறந்தவர். அந்த இடத்தைப் பற்றி எங்கட மலரில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோ."

அருட்பிரகாசம் மலரைத் தொடவில்லை. "தேத்தண்ணி ஆறப் போகுது, எல்லாரும் எழும்புங்கோ," என்றார். அழுத சனம் பற்றிஸ் பலகாரத் தட்டைச் சுற்றி மொய்த்தது. தூ, இதுகளும் ஒரு சனம் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் எவர்சில்வர் பேணியில் தேத்தண்ணி வந்தது. தலைவரின் மனைவி சிவமலர் அவளுக்கு மட்டும் காகிதக் கப்பில் கொண்டுவந்து, கையில் கொடாமல், மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.