மாவு மில் பெஞ்சு

புள்ளியியலில் எனக்கு இரண்டு முறை அரியர். மூன்றாவது முறையும் போனால் கம்பெனி வேன்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆம்பூரில் எங்கள் தெருவுக்குக் காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வேன் வரும். அதில் ஏறிய பெண்கள் யாரும் மறுபடி புத்தகத்தைத் தொட்டதில்லை. அம்மா பதினோரு வருஷமாக அதில்தான் போகிறாள். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வேலூரில் என் ஹாஸ்டல் அறையில் ஆறு பேர். படிக்க அமைதியான இடம் தேடித் தருவதாக அம்பரீன் கிளம்பினாள். அவளும் ஆம்பூர்தான், என் வகுப்புதான், ஒரு அரியரும் கிடையாது.

முதலில் லைப்ரரி. ஏசி அறை, தாள் புரட்டினால்கூடக் கேட்கும். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன். அடுத்து கோட்டைப் பூங்காவில் ஒரு வேப்பமரத்தடி. அங்கேயும் அதேதான். பிறகு ஒரு சர்ச்சில் கடைசி வரிசை. குறட்டையே விட்டேனாம்.

"இன்னாடி பாரதி, நான் உனக்குப் படிக்கிற எடம் தேடறனா, படுக்கிற எடம் தேடறனா?" என்றாள் அம்பரீன்.

"புக்கத் தொறந்தாலே கண்ணு சொக்குதுடி."

"ரத்தம் கம்மியா இருக்கும். வா, மொதல்ல சாப்புடு."

காலேஜ் பின்தெருவில் தபரேஸ் பாய் தள்ளுவண்டி போட்டிருப்பார். பிரியாணிக்குக் காசு பற்றாதவர்களுக்குக் குஸ்கா. அதே அண்டா, அதே சோறு, கறி மட்டும் இருக்காது. கத்திரிக்காய்த் தொக்கு கேட்காமலே இன்னொரு கரண்டி விழும். வண்டிக்குப் பக்கத்தில் சம்பத் அண்ணனின் மாவு மில். அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பிடுவார்கள்.

அடுத்த அண்டா இறங்க அரை மணி ஆகும் என்றார் பாய். மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, பெஞ்சே அதிர்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நோட்டைத் திறந்தேன்.

அம்பரீன் தோளை உலுக்கியபோது திட்ட விலக்கத்தை முடித்து அடுத்த பாடத்தில் இருந்தேன்.

"குஸ்கா ஆறியே போச்சு. எத்தினி தடவ கூப்புட்றது? இந்தச் சத்தத்துல எப்படிடி படிக்கிற?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் வீடு தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தோல் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்கள். அப்பாவுக்கு அங்கேதான் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. டிரம் சுற்றினால் வேலை நேரம், நின்றால் அப்பா வந்து சாப்பிட்டுப் படுப்பார், நாங்களும் படுப்போம். பன்னிரண்டாவது வரை அந்தச் சத்தத்தில்தான் படித்தேன். சத்தம் இல்லையென்றால் உடம்பு பாயைத் தேடுகிறது.

மறுநாளிலிருந்து மில் பெஞ்சுதான். வருகிறவர்கள் என்னை மில் ஆள் என்று நினைத்துக் காலடியில் டப்பாவை வைத்தார்கள்.

"ராகி மூணு கிலோ. நைசா அரைக்கணும்" என்றாள் ஒரு அம்மா.

"நான் படிக்கிற பொண்ணுக்கா."

"படி, யாரு வேணான்னது? அரைச்சிக் குடுத்துட்டுப் படி."

சம்பத் அண்ணன் சிரித்தார். "இருக்கறதுதான் இருக்கற, யாரு மொதல்ல வந்தாங்கன்னு பாத்துச் சொல்லும்மா. தெனம் சண்ட, பேஜாரா இருக்குது."

டப்பாக்களை வரிசை வைத்தபடியே பாடங்களை முடித்தேன். தலையெல்லாம் மாவு.

பரீட்சைக்கு முந்தின நாள்தான் அந்த நினைப்பு வந்தது. பரீட்சை ஹாலில் சத்தமே இருக்காதே. போன இரண்டு முறையும் மூன்றாவது கேள்வியில் கண் இருட்டியது. படித்தது மறந்துபோனது என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை, தூங்கியிருக்கிறேன்.

ஹாலில் என் தலைக்கு மேலிருந்த ஃபேன் மட்டும் ஓடவில்லை.

"மேடம், இந்த ஃபேனைப் போடுங்க" என்றேன், மேற்பார்வைக்கு வந்திருந்த ஹெலன் மேடத்திடம்.

"அது கடகடன்னு கத்தும்மா. நிறுத்தச் சொல்லித்தான் நிறுத்திவெச்சிருக்கு."

"பரவால்ல மேடம். தாங்க முடியல."

வேர்க்கிறது என்று நினைத்திருப்பார், போட்டார். நட்டு கழன்றதுபோல் கத்தியது ஃபேன். பக்கத்து பெஞ்சுப் பெண் என்னை முறைத்தாள். அவள் பாவம்தான். ஆனால் எனக்கு ஏழு மணி வேன் நின்றுகொண்டிருந்தது. குனிந்து எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது கேள்வி எப்போது தாண்டியது என்று தெரியவில்லை. கூடுதல் தாள் இரண்டு வாங்கினேன்.

ரிசல்ட் வந்த மதியம் பெஞ்சில் குஸ்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்பரீன் போனை நீட்டினாள். அறுபத்தொன்று.

"அண்ணா, பாஸ்!" என்று மில்லுக்குள் பார்த்துக் கத்தினேன்.

சம்பத் அண்ணன் காதில் கை வைத்துக் கேட்டார். "பாசிப்பயிறா? காய வெச்சியா? வரிசையில வை."