அடுப்படிப் பிள்ளை

என் தம்பியின் வேலை, உலகத்தில் இல்லாத ஜனங்களை உண்டாக்குவது. வீடியோ கேம் கம்பெனியில் இதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பறக்கும் குதிரையும் நெருப்பு கக்கும் பாம்பும் இருக்கிற ஒரு நாட்டில் வீடு எப்படி இருக்கும், கல்யாணம் எப்படி நடக்கும், செத்தால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் இவன்தான் சொல்ல வேண்டும். எங்கிருந்து எடுக்கிறான் என்று கேட்டால், என்னிடமிருந்துதான். நான் அருங்காட்சியகத்தில் பழைய எலும்புகளைச் சுத்தம் செய்து, வயசு பார்த்து, பெட்டியில் வைக்கிறவள். குடும்பத்தில் எனக்கு எலும்புக்காரி என்று பேர்.

லீவு நாளில் வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். ஒரு பழைய நகரத்தின் செங்கல், இன்னொன்றின் சாக்கடை, வேறெங்கோ ஒரு ராணி போட்டிருந்த கொண்டை என்று வாரிக்கொண்டு போவான்.

"ஊரான் வீட்டு நெய்யே, பொண்டாட்டி கையேன்னு அள்ளிட்டுப் போறியேடா. சொந்தமா ஒண்ணு யோசிக்கத் தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமே இல்லாம யாராலயும் ஒரு ஊரை உண்டாக்க முடியாது அக்கா. பொய் சொல்றதுக்கும் கையில கொஞ்சம் மண்ணு வேணும்" என்றான். பேச்சில் மட்டும் குறைச்சல் இல்லை.

அவன் பொண்டாட்டிக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் மயக்கத்தில் இருக்கும்போதே பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். பார்த்தால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு. தாங்கத்தான் தாங்கினாள். அழவே இல்லை. காய் நறுக்க உட்கார்ந்தால் கத்தியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருப்பாள். கூப்பிட்டால் திரும்புவாள், பதில் வராது. அவளைப் பெற்றவளும் என்னைப் பெற்றவளும் சொல்லாத சமாதானம் இல்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒருநாள் அவளை அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பானை இருக்கிறது. ஒரு பக்கம் உடைந்தது. அந்த வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு பச்சைப் பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருக்கும். எலும்புதான். விலா ஒவ்வொன்றும் தீக்குச்சி கனம்கூட இருக்காது. தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணம். மண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இருந்த மாதிரியே திரும்ப வைத்தவள் நான்.

"பெரியவங்க செத்தா ஊருக்கு வெளியில புதைச்சிருக்காங்கம்மா. பச்சப் பிள்ளைங்கள மட்டும் வீட்டுக்குள்ள, அடுப்புப் பக்கத்துல, தரைக்கு அடியில. தனியா வெளியில விட்டுட்டு வர அந்தத் தாய்க்கு மனசு வரல."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கிண்ணம் எதுக்கு அண்ணி?"

"பசிக்குமேன்னுதான்."

அப்போதுதான் அழுதாள். அழுகையா அது, காவலாளி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அன்றிலிருந்து அவளே தனியாக வர ஆரம்பித்தாள். எதிரில் இருக்கிற பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவாள், போவாள். ஒருநாள் என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு உங்க தம்பியோட நல்லா சண்டை போட்டேன் அண்ணி" என்றாள். அப்பாடா, பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

தம்பி இதையும் விடவில்லை. அவன் கேமில் பானைக்குடி என்று ஒரு ஜனம். அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுவார்கள், கீழே பிள்ளை தூங்குகிறது என்று. அவன் படித்துக் காட்டியபோது, எதிலும் நொட்டை சொல்கிற எனக்கே கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் கம்பெனியில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், தாடி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

"பானைக்குடிதான் எதிரின்னு தாடி முடிவு பண்ணிட்டார் அக்கா. ஆடுறவன் அவங்க ஊரைக் கொளுத்தணும். கொளுத்தும்போது மனசு உறுத்தக் கூடாதாம். அதனால..."

"அதனால?"

"சுவர் இடியாம நிக்கிறதுக்குப் பெத்த பிள்ளைய உயிரோட புதைக்கிற கூட்டம்னு மாத்திட்டாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். இது குரங்கைவிட மோசம்.

"நீ என்னடா பண்ணிட்டிருந்தே?"

"பானைய மட்டுமாவது எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன். பானைதான் இருக்கறதுலயே அருமையா இருக்குன்னுட்டாங்க. நான் எழுத மாட்டேன்னா வேற ஒருத்தன் எழுதுவான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். பொண்டாட்டியிடம் சொன்னாயா என்றால், இல்லையென்று தலையாட்டினான். நீயே சொல்லேன் அக்கா என்றான். நான் எந்த வாயால் சொல்ல? அவள்தான் கேம் பக்கமே போகமாட்டாளே, தெரியாமலே போய்விடும் என்று இரண்டு பேரும் எங்களையே ஏமாற்றிக்கொண்டோம்.

கேம் வந்தது. அசல் பானை எங்களிடம் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துப் பரப்ப, வந்த வேகத்தில் எங்கள் மூன்றாவது அறை நிரம்பிவிட்டது. "அந்தப் பானை எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். முன்னால் நின்று விரலைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். கண்ணாடியில் காதை வைத்து, அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள்.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பேர் சரிபாப்போம். கூரை ஒழுகினாலும் "சரி, பாப்போம்"தான். அந்த மனிதர் முதல் தடவையாக எதையோ பார்த்தார். மறுவாரமே அறையில் சிவப்பு விளக்கு மாட்டி, முரசுச் சத்தம் போட்டு, பெஞ்சைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள்.

"சார், இது பொய். அந்த ஜனங்க அப்படிச் செஞ்சதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது."

"நாம அப்படின்னு எங்கயும் எழுதலையேம்மா. விளக்குதானே மாத்தினோம்."

"முரசு?"

"சரி, பாப்போம்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இருந்தாலும் நான் விடவில்லை. உயிரோடு புதைத்ததற்கு ஆதாரம் இல்லை என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். அதன்மேல் சாய்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். நானே பானை பக்கத்தில் நின்று விளக்கினேன். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் ஒருத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் அந்த கேமை முழுசா முடிச்சவன் மேடம். நீங்க இன்னும் உள்ள போகல போலிருக்கு" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

தம்பி பொண்டாட்டிக்கு மட்டும், அறையில் வெள்ளையடிக்கிறார்கள், இப்போதைக்கு வராதே என்று சொல்லி வைத்திருந்தேன். எத்தனை நாளைக்கு அடிப்பார்கள்? நான் ஆய்வறையில் இருந்தபோது காவலாளி வந்து, "உங்க வீட்டு அம்மா வந்திருக்காங்க, ஒரு மாதிரி நிக்கிறாங்க" என்றார். ஓடினேன்.

சிவப்பு வெளிச்சத்தில், கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாப்பாவை அவங்க அம்மாவேவா மூடினாங்க?" என்று கேட்டது. "ஆமா, கெட்டவங்க. அதான் அழிஞ்சு போயிட்டாங்க" என்றாள் அந்த அம்மா. மகளுக்கு நல்லது சொல்லிக் கொடுக்கிற குரலில்தான் சொன்னாள்.

நான் இவள் தோளைத் தொட்டேன். "வாம்மா, என் ரூமுக்குப் போலாம். இதெல்லாம் சும்மா, கேம்ல விட்ட கதை."

"தெரியும் அண்ணி. அவரை நேத்து உலுக்கிக் கேட்டேன், சொல்லிட்டார்." அவள் பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தப் பிள்ளைய வைக்கும்போது அதுக்கு உயிர் இல்லைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

எலும்பு எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளை. வெட்டு இல்லை, முறிவு இல்லை. உயிரோடு வைத்தார்களா, போன பிறகு வைத்தார்களா என்று அது சொல்லாது. பச்சைப் பிள்ளை புரண்டுகூடப் படுத்திருக்காது, அடையாளம் எப்படி இருக்கும்? தாய்க்கு மனசு வரவில்லை என்பதை எலும்பு சொல்லவில்லை. கிண்ணம் பசிக்கு என்பதையும் அது சொல்லவில்லை. அதெல்லாம் என் வாயிலிருந்து வந்தது. அப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நம்புகிறேன் என்பது வேறு. அவள் கேட்டது அது இல்லை.

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"எலும்பை வெச்சு அதைச் சொல்ல முடியாதும்மா."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"என் பிள்ளைய எனக்குக் காட்டல. இதைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள். "இனிமே இதையும் பாக்க முடியாது அண்ணி."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, வாசல் பக்கம் போனாள். பின்னாலேயே போக வேண்டும் என்று தோன்றியது. பானைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? போட்டோ எடுக்கணும்" என்று யாரோ மரியாதையாகக் கேட்டார்கள்.

தள்ளி நின்றேன்.