அடுப்படிக் கதவின் ஒற்றைக் கொம்பு

பசை கெட்டியாகும் வரை யோங்நே அதைக் கலக்கிக்கொண்டே நின்றாள். புத்தாண்டுக்கு முன் சாப்பாட்டுக் கடையின் அடுப்படிக் கதவில் ஹேதே என்னும் காவல் மிருகத்தின் படத்தை ஒட்டியாக வேண்டும். உருண்டைக் கண், சுருண்ட பிடரி, நெற்றியில் ஒற்றைக் கொம்பு. நெருப்பைத் தின்றுவிடுமாம். பழைய படம் போன மாதத் தீயில் பாதி கருகியிருந்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டுத் தெருமுனையில் பேசிக்கொண்டிருந்தவள் யோங்நேதான். கணவன் பில்சூ ஓடிவந்து யார் என்று கேட்டபோது, யோசிப்பதற்குள் அவள் வாய் ஷியூலானின் பெயரைச் சொல்லிவிட்டது. சீனத்திலிருந்து இந்த இஞ்சோன் நகருக்குப் பிழைக்க வந்து அடுப்படி வேலை பார்த்த ஷியூலான் மறுக்கவில்லை. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அடுப்பு இல்லை. பின்வாசல் பனியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறாள். பண்டிகை முடிந்ததும் அவளை அனுப்பிவிடப் போவதாகப் பில்சூ சொல்லியிருந்தான்.

கழுவிய கிண்ணங்களோடு உள்ளே வந்த ஷியூலானைப் பில்சூ நிறுத்திப் படத்தைக் காட்டினான்.

"இத உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க?"

"ஷியேஜி, மொதலாளி."

"ஒசாகாவுல நான் வேல பாத்தப்போ ஒருத்தன் இத 'கைச்சி'ன்னு சொன்னான். ஊருக்கு ஒரு பேர வெச்சுக்கிட்டுத் திரியுது, போலீஸ் தேடுற ஆளு மாதிரி. உங்க ஊர்லயும் நெருப்பத்தான் திங்குதா?"

"இல்ல மொதலாளி. அங்க கோர்ட்டுல நிக்கும். ரெண்டு பேரு வழக்குன்னு வந்தா, யார் மேல தப்போ அவங்களப் பாத்து முட்டும்."

பில்சூ சிரித்தான். "நல்லவேள, போன மாசம் இங்க இருந்தது நம்மூருக்காரன். உங்காளா இருந்தா ஒன் விலா எலும்பு மிஞ்சியிருக்காது."

யோங்நேயின் கை நின்றது. ஷியூலான் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை.

"அதெல்லாம் அந்தக் காலம் மொதலாளி. இங்க வந்ததும் அதுக்கு வயசாயிடுச்சு. யாரையும் முட்டாது. பயப்படாம ஒட்டுங்க அக்கா."

கடைசிச் சொற்கள் தனக்கு மட்டும் சொல்லப்பட்டவை என்று யோங்நேவுக்குத் தெரிந்தது. சட்டியை மறந்தது தான்தான் என்று யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை நாளும் சோறு இறங்கியது. ஆனால் இவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தினமும் காலையில் வணக்கம் சொல்லியிருக்கிறாள், மீனில் முள் நீக்கித் தட்டில் வைத்திருக்கிறாள், தலைவலிக்கு இஞ்சித் தேநீர் கொண்டுவந்திருக்கிறாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். படத்தை ஒட்டி முடித்தபோது அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் சரிசெய்யவில்லை.

பின்வாசலுக்குப் போய், மறுபடி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்திருந்த ஷியூலானின் ரப்பர் கையுறைகளைக் கழற்றினாள். உள்ளே விரல்கள் வெடித்திருந்தன.

"போ. அடுப்புகிட்ட போய் நில்லு."

"மொதலாளி கேட்டா என்னக்கா சொல்றது?"

யோங்நே வெறுங்கையைத் தண்ணீரில் விட்டாள். குளிர் முழங்கை வரை ஏறியது. ஷியூலான் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் பில்சூவின் குரல் கேட்டது. "ஏம்மா, இவள யாரு அடுப்புகிட்ட விட்டது?"

யோங்நே எழுந்து கதவுப்பக்கம் திரும்பி, உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். முதலில் வெறும் மூச்சுதான் வந்தது. வெள்ளையாகக் காற்றில் நின்றது.